குற்றமும் வயதும் மனந்திரும்புதலும்: ஒரு நூலைப் பற்றிய இறையியல் திறனாய்வு

இளமையில் திருடியவன் முதுமையிலும் திருடுவானா என்னும் வினாவுக்கு நம்மிடையே இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. ஒன்று பழமொழியின் விடை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றும், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்றும் ஊரார் கூறுவர். மற்றொன்று நம் நற்செய்திக் கூட்ட மேடைகளின் விடை. கொடிய குற்றவாளியும் ஒரே இரவில், ஒரே ஜெபத்தில், முற்றிலும் வேறு மனிதனாகிவிடுகிறான் என்பது அது. முந்தையது மாற்றமே இல்லை என்கின்றது. பிந்தையது மாற்றத்திற்குக் காலமே வேண்டியதில்லை என்கின்றது. சிறையிலிருந்து வெளிவந்த ஒருவன் ஞாயிறு ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் அமரும்போது, அவனை எவ்வாறு ஏற்பது என்று சிந்திக்கும் ஆயருக்கு இவ்விரண்டு விடைகளும் உதவுவதில்லை.

இப்பொருளை நெடுங்காலம் ஆராய்ந்து எழுதப்பட்ட நூல் ஒன்றை இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம். குற்றவியல் அறிஞர் ஜான் லாப், சமூகவியல் அறிஞர் ராபர்ட் சாம்ப்சன் ஆகிய இருவரும் எழுதி, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஷேர்ட் பிகினிங்ஸ், டைவர்ஜென்ட் லைவ்ஸ்' என்பதே அந்நூல். ஒத்த தொடக்கம், பிரிந்த வாழ்வு என அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். ஆசிரியர்கள் இறையியல் பேசவில்லை. எனினும் மனந்திரும்புதல், பரிசுத்தமாகுதல் ஆகிய கோட்பாடுகளைப் போதிக்கும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய உண்மைகளை இந்நூல் முன்வைக்கின்றது.

1. நூலின் வரலாறு

இதன் வேர் 1939-40ஆம் ஆண்டுகளில் உள்ளது. ஹார்வர்டு சட்டக் கல்லூரியைச் சேர்ந்த ஷெல்டன் குளூக், எலினோர் குளூக் என்னும் தம்பதியர், மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கப்பட்டிருந்த 500 சிறுவரை ஆய்வுக்குத் தெரிந்தெடுத்தனர். வயது, இனம், அறிவுத்திறன், வாழ்ந்த பகுதியின் வறுமை ஆகியவற்றில் அவர்களை ஒத்தவராயும், ஆனால் குற்ற வழியில் செல்லாதவராயும் இருந்த 500 சிறுவரைப் பாஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகளிலிருந்து அவர்களோடு இணை சேர்த்தனர். பெற்றோர், ஆசிரியர், அண்டை வீட்டார், வேலை கொடுத்தோர் என எல்லாரிடமும் விசாரித்து, ஏறத்தாழ 32 வயது வரை இவர்களைத் தொடர்ந்தனர். முதற்கட்ட முடிவுகள் 1950இல் நூலாயின.

எலினோர் 1972இலும், ஷெல்டன் 1980இலும் மறைந்தனர். அவர்கள் திரட்டிய கோப்புகள் சட்டக் கல்லூரி நூலகத்தின் நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அவற்றை 1980களின் நடுவில் லாப் கண்டெடுத்தார். சாம்ப்சனோடு சேர்ந்து அவற்றைப் புதிய முறையில் ஆராய்ந்து 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் அந்த 500 சிறுவரும் என்ன ஆயினர் என்று தேடத் தொடங்கினர். 70 வயது வரையிலான காவல்துறை, நீதிமன்றப் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் திரட்டினர். 52 பேரை நேரில் கண்டு, அவர்தம் வாழ்க்கைக் கதையை அவர்கள் வாயாலேயே கேட்டறிந்தனர். குற்றவாளிகளின் வாழ்வை இவ்வளவு நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் மிகச் சிலவே.

2. நூல் நிறுவும் உண்மைகள்

குற்றச் செயல் இளமையில் உச்சத்தை எட்டி, வயது ஏற ஏறக் குறைகின்றது என்பது புதிய செய்தியன்று. பெல்ஜிய அறிஞர் கெட்லே 1831ஆம் ஆண்டிலேயே அதனைப் புள்ளிவிவரங்களால் காட்டினார். இளைஞர் பலர் சிறிது காலம் தவறு செய்து பின் விட்டுவிடுவதால் மொத்தக் கணக்கு குறைகின்றது என்றும், உண்மையான குற்றவாளி மாறுவதில்லை என்றும் இதற்கு விளக்கம் கூறப்படுவதுண்டு. லாப், சாம்ப்சன் இவ்விளக்கத்தைச் சோதித்தனர். சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்ட இந்த 500 பேரும் 'உண்மையான குற்றவாளி' எனப்பட்டோரே. ஆயினும் அவர்களும் நடுவயதுக்குள்ளும் அதன் பின்னும் குற்றத்தை விட்டு விலகினர். சொத்துக் குற்றங்கள் முதலில் குறைந்தன. குடியோடும் போதையோடும் தொடர்புடைய குற்றங்கள் பிந்திக் குறைந்தன. குறைந்த அறிவுத்திறன், அடங்காத குணம், மிக இளம் வயதிலேயே தொடங்கிய குற்றம் என எவ்வகைக் குழந்தைப்பருவ அறிகுறிகளை வைத்துப் பிரித்துப் பார்த்தாலும், இன்னார் முதுமை வரை தொடர்வார் என முன்கூட்டிக் காட்டும் அடையாளம் ஒன்றும் கிட்டவில்லை.

அவ்வாறாயின் விலகியோர் எதனால் விலகினர்? திருமணம், படைச்சேவை, நிலையான வேலை, வாழுமிடம் மாறுதல், சிலருக்குச் சீர்திருத்தப் பள்ளியே ஆகிய திருப்புமுனைகளை ஆசிரியர்கள் சுட்டுகின்றனர். இவை நான்கு வகையில் செயல்படுகின்றன என்பது அவர்களின் விளக்கம். கடந்த காலத்தினின்றும் பழைய கூட்டாளிகளினின்றும் ஒருவனை இவை வெட்டிப் பிரிக்கின்றன. அவன்மேல் ஒருவர் கண்ணாயிருக்கவும், அவனுக்குத் துணைநிற்கவும் வழி செய்கின்றன. அவனுடைய அன்றாட நேரத்திற்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன. தான் யார் என்பதை வேறுவிதமாய் எண்ணிப்பார்க்க இடமளிக்கின்றன. குற்றத்தில் தொடர்ந்தோரின் கதைகளில் இவை நான்கும் இல்லை. மாறி மாறி விட்ட வேலைகள், முறிந்த மணவாழ்வு, நிலையில்லாத இருப்பிடம், குடி, மீண்டும் மீண்டும் சிறை ஆகியவையே உள்ளன. நீண்ட சிறைவாசம் வேலை பெறும் வாய்ப்பைக் குலைத்து, அதன்வழியே குற்றத்தை நீட்டிக்கின்றது என்பதையும் முந்தைய நூலிலேயே அவர்கள் காட்டியிருந்தனர்.

இவை அனைத்திலும் நம்மை மிகவும் சிந்திக்கச் செய்வது, விலகியோரில் பலர் விலக வேண்டுமென்று முடிவு செய்து விலகியவரல்லர் என்னும் கூற்று. வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். இழப்பதற்கு இவ்வளவு சேர்ந்துவிட்டது என்பதைப் பின்னாளில் திரும்பிப் பார்த்தபோதே உணர்ந்தார்கள். மாற்றம் அவர்கள் அறியாமலே அவர்களுக்குள் நடந்தேறியிருந்தது.

3. பிறவிக் குற்றவாளி என்னும் பொய்

குளூக் தம்பதியரே தம் ஆய்வின் பயனாக ஒரு முன்கணிப்பு அட்டவணையை உருவாக்கியிருந்தனர். தந்தையின் கண்டிப்பு, தாயின் மேற்பார்வை, தந்தையின் பாசம், தாயின் பாசம், குடும்ப ஒற்றுமை ஆகிய ஐந்தையும் மதிப்பிட்டால், பள்ளிக்கு வரும் ஆறு வயதுக் குழந்தை பின்னாளில் குற்றவாளியாகுமா என்று கூறிவிடலாம் என அவர்கள் நம்பினர். அவர்கள் விட்டுச்சென்ற கோப்புகளே அந்நம்பிக்கையின் எல்லையைக் காட்டிவிட்டன என்பது இந்நூலின் வியப்புக்குரிய சிறப்பு.

இக்கணிப்பில் மறைந்துள்ள பிழையை அறிவது நன்று. முதிர்ந்த குற்றவாளிகளை எடுத்துக்கொண்டு அவர்தம் குழந்தைப் பருவத்தைத் திரும்பிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாரும் தொல்லை நிறைந்த குழந்தைகளாய் இருந்திருப்பர். ஆனால் தொல்லை நிறைந்த குழந்தைகளை எடுத்துக்கொண்டு அவர்களோடு முன்னோக்கி நடந்தால், பெரும்பாலோர் குற்றவாளிகளாவதில்லை. இதனை லீ ராபின்ஸ் என்னும் அறிஞர் முன்னரே உணர்த்தியிருந்தார். சாட்சிகளையும் சிறைப் பதிவுகளையும் பின்னோக்கியே படித்துப் பழகிய நாம் முன்னோக்கிப் படிக்க மறந்துவிடுகின்றோம்.

இங்கு ஒரு மாற்றுக் கருத்தையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்துவரும் குழுவைச் சேர்ந்த டெர்ரி மொஃபிட், இளமையில் மட்டும் குற்றம் செய்யும் பெரும்பான்மையினர் ஒரு வகையினர் என்றும், குழந்தைப் பருவம் முதல் வாழ்நாள் முழுதும் தொடரும் சிறுபான்மையினர் மற்றொரு வகையினர் என்றும் 1993இல் வாதிட்டார். அவ்வாறு தொடர்வது பிறவியால் மட்டும் நிகழ்வதன்று, நரம்பு சார்ந்த குறைபாடும் மோசமான சூழலும் ஒன்றையொன்று வளர்ப்பதால் நிகழ்வது என்பதே அவர் கருத்து. அவ்வாய்வு மதிக்கத்தக்கது. ஆயினும் இந்த 500 பேரின் வாழ்வு, மனிதரை இரு வகையாய்ப் பிரிக்கும் கோடு 70 வயது வரை நிலைத்து நிற்பதில்லை எனக் காட்டுகின்றது.

இது நமக்குத் தொலைவிலுள்ள ஒரு வாதமன்று. இத்தாலியரான லொம்பிரோசோ பிறவிக் குற்றவாளி என்னும் கோட்பாட்டைப் பரப்பிய நூல் 1876இல் வெளிவந்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1871இல், இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. நம் மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். அதனை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 1952இல் நாடு முழுவதும் நீக்கப்படும்வரை, ஒருவன் என்ன செய்தான் என்பதைப் பாராமல், எங்குப் பிறந்தான் என்பதைப் பார்த்தே அவனுக்குக் குற்றவாளி என்னும் பெயர் சூட்டப்பட்டது.

இதில் நம் பங்கையும் நாம் மறத்தலாகாது. அன்றைய சென்னை மாகாணத்துத் தெலுங்குப் பகுதியில், ஸ்டூவர்ட்புரத்தில் இரட்சணிய சேனையும், காவலியில் அமெரிக்க பாப்திஸ்து மிஷனும் இச்சட்டத்தின்கீழ் அமைந்த குடியிருப்புகளை நடத்தின. தொழிலும் கல்வியும் கொடுக்க வேண்டுமென்ற நல்லெண்ணம் அங்கு இருந்தது. ஆனால் கிருபையைப் போதித்த கைகளே வருகைப் பதிவேட்டையும் ஏந்தின. சிறைக் கையேடுகளில் சாதிப் பாகுபாட்டுக்கு இடமளித்த விதிகள் செல்லா என உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளிக்க நேர்ந்தது. சட்டம் நீங்கினாலும் எண்ணம் நீங்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

கோதுமையும் களைகளும் பற்றிய உவமையில் (மத்தேயு 13) வேலைக்காரர் கேட்பது களையைப் பிடுங்க அனுமதி. எசமான் அதனை மறுக்கிறார். களைகளைப் பிடுங்கும்போது கோதுமையையும் கூட வேரோடே பிடுங்கிவிடக்கூடும் என்பதே அவர் கூறும் காரணம். அறுவடைக்கு முன் பிரிக்க முனையும் அட்டவணை எதுவாயினும் அது அவ்வேலைக்காரரின் பிழையையே செய்கின்றது.

4. திருப்புமுனையும் சாட்சி மேடையும்

நூல் பழமொழியைக் கண்டிப்பது போலவே நம் மேடையையும் கண்டிக்கின்றது. இம்மனிதரின் வாழ்வில் மாற்றம் பெரும்பாலும் ஒரு கணத்தில் நிகழவில்லை. விட்டும் தொட்டும், வளைந்தும் நெளிந்தும் சென்றோரைப் பற்றித் தனி இயலே ஒதுக்கப்பட்டுள்ளது. நம் மேடைச் சாட்சிகளில் இவ்வளைவுகளுக்கு இடமில்லை.

அகுஸ்தீனை எடுத்துக்கொள்வோம். 16 வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதை அவர் தம் அறிக்கையில் நீண்ட ஆராய்ச்சிக்கு உட்படுத்துகிறார். தனியாய் இருந்திருப்பின் அதனைச் செய்திருக்கமாட்டார் என்னும் முடிவுக்கும் வருகிறார். தற்காலக் குற்றவியலார் கூட்டாளிகளின் செல்வாக்கைப் பற்றிக் கூறுவதும் இதுவே. அவருடைய மனமாற்றத்தைப் பேசும்போது நாமோ கி.பி. 386இல் மிலான் தோட்டத்தில் நிகழ்ந்ததை மட்டுமே எடுத்துரைக்கின்றோம். மோனிக்காவின் கண்ணீர், அம்புரோசின் பிரசங்கங்கள், உடனிருந்த அலிப்பியுவின் நட்பு ஆகியவை தோட்டத்திற்கு முன்னும் பின்னும் அவரைத் தாங்கி நின்றதை விட்டுவிடுகின்றோம்.

சாட்சி பயனற்றது என்று நாம் கூறவில்லை. ஷாட் மருணா என்னும் ஆய்வாளர் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் முன்னாள் குற்றவாளிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு 2001இல் எழுதிய நூலில், குற்றத்தை விட்டோர் தம் கதையை ஒரு மீட்பின் கதையாய்ச் சொல்கின்றனர் என்றும், தொடர்வோர் தம்மை விதியின் கைதிகளாய்ச் சித்திரிக்கின்றனர் என்றும் காட்டினார். தன் கடந்த காலத்திற்குப் பொருள் காண்பவனே எதிர்காலத்தைத் தாங்கிக்கொள்கிறான். ஆயினும் அக்கதையை அவன் எவ்விடத்தில், எப்போது, எவர் முன் சொல்கிறான் என்பது முக்கியம். விடுதலையாகிச் சில மாதங்களே ஆன ஓர் இளைஞனை ஊர் ஊராய்க் கூட்டிச் சென்று மேடையேற்றும்போது, கேட்போரின் ஆவலுக்கேற்ப அவனுடைய பழைய குற்றங்கள் கூட்டத்திற்குக் கூட்டம் கறுத்துக்கொண்டே போகின்றன. அவன் விட வேண்டிய பெயரே அவனுக்குப் பிழைப்பாகிவிடுகின்றது. அவன் இடறினால் அழைத்தவர்கள் மறைந்துவிடுகின்றனர்.

நம் சீர்திருத்த மரபில் இதனினும் நல்ல முன்மாதிரி உண்டு. 1742இல் பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்து சங்கம் தன் கட்டடக் கடனை அடைக்க ஒரு வழி தேடியது. பன்னிருவர் கொண்ட சிறு வகுப்புகளாகப் பிரிந்து, ஒவ்வொரு வகுப்புத் தலைவரும் வாரந்தோறும் வீடு வீடாய்ச் சென்று ஆளுக்கு ஒரு பென்னி திரட்ட ஏற்பாடாயிற்று. காசு வாங்கச் சென்றவர்கள் வீடுகளின் நிலையைக் கண்டுவந்து சொன்னார்கள். யோவான் வெஸ்லி அதில் ஓர் ஆயர்பணி முறையைக் கண்டார். மேற்பார்வை, துணை, வார ஒழுங்கு, புதிய உறவு என நம் நூலாசிரியர்கள் காணும் கூறுகள் அவ்வகுப்புக் கூட்டத்தில் அமைந்திருந்தன. கணநேர மனமாற்றத்தை ஆணித்தரமாய்ப் போதித்த அதே வெஸ்லி, அதனை வாரக்கணக்கில் காக்கும் ஏற்பாட்டையும் செய்தார். நாம் முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைக் கைவிட்டோம்.

5. நூலின் குறைகள்

நூலின் சிறப்பை ஒப்புக்கொள்ளும் நாம் அதன் குறைகளையும் சுட்டுதல் கடமை.

முதலாவது, இவர்கள் அனைவரும் ஒரே நகரைச் சூழ்ந்து ஒரே தலைமுறையில் வாழ்ந்த வெள்ளை ஆடவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் படிப்பறிவு குறைந்தவனுக்கும் நிலையான தொழிற்சாலை வேலை கிடைத்த காலம் அது. வேலையில்லாத காலத்தில் வேலை எவ்வாறு திருப்புமுனையாகும்? ஆசிரியர்கள் இவ்வரம்பை அறிவர். ஆயினும் படிப்போர் மறந்துவிடக்கூடும்.

இரண்டாவது, மனைவியர். கணவனின் பழைய நண்பரை வாசலில் நிறுத்தியவளும், அவன் கூலியை வாங்கி வீடு நடத்தியவளும் அவளே. ஒரே மனிதனின் மணமான ஆண்டுகளை மணமாகாத ஆண்டுகளோடு ஒப்பிட்டு ஆசிரியர்கள் 2006இல் வெளியிட்ட கட்டுரை, திருமணக் காலத்தில் குற்றத்தின் வாய்ப்பு சராசரியாக ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்ததாகக் கூறுகின்றது. ஆனால் அவள் கொடுத்த விலை எங்கும் கணக்கிடப்படவில்லை. நம் நாட்டில் இதனைத் தவறாய்ப் படிக்கும் ஆபத்து மிகப் பெரிது. ஒரு கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான் என்று கூறி, ஒன்றுமறியாத ஒரு பெண்ணை மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் நம் சபைக் குடும்பங்களிலும் உண்டு. அத்தகைய மணங்களை நாம் ஆசீர்வதித்தும் வைக்கின்றோம். ஆசிரியர்கள் வெறும் தாலியைப் பேசவில்லை, பற்றுள்ள மணவாழ்வையே பேசுகின்றனர் என்பதை அழுத்திக் கூறவேண்டும். மேலும் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1982இல் காவல் நிறுவனங்களிலிருந்த 127 சிறுமியரையும் அதே எண்ணிக்கையுள்ள சிறுவரையும் பின்தொடர்ந்த ஜியோர்டானோ குழுவினர், திருமணமும் வேலையும் தாமாக ஒருவரை மாற்றிவிடவில்லை என்றும், அவற்றைப் பற்றிக்கொள்ளும் உள்ளத்து ஆயத்தம் முன்னதாகவே வேண்டியிருந்தது என்றும் 2002இல் எழுதினர். சூழல் மட்டும் போதாது என்னும் இக்கருத்து நமக்கு உவப்பானதே.

மூன்றாவது, காவல்துறைப் பதிவில் வராத குற்றம் கணக்கில் வருவதில்லை. சந்துமுனையில் செய்யும் களவு வயதோடு குறையலாம். அலுவலக மேசையில் செய்யும் களவுக்கு வயதும் பதவியும் தேவை. அறக்கட்டளைப் பணத்தைக் கையாடுவோர் விடலைப் பையன்களல்லர். நாம் சிறையிலிருந்து வந்தவனை ஐயத்தோடு நோக்கும் அதே ஆராதனையில், முன்வரிசையை ஐயமின்றி வணங்குகின்றோம்.

நான்காவதே மிகப் பெரிய குறை. 500 பேரின் குற்றங்களால் துன்புற்றோர் இந்நூலில் இல்லை. குற்றத்தை நிறுத்துதல் வேறு, மனந்திரும்புதல் வேறு. வயதாலும் வேலையாலும் அமைதியடைந்தவன், தான் அடித்தவனையும் கொள்ளையிட்டவனையும் ஒருபோதும் நினையாமலே நல்ல பாட்டனாய் இறந்துபோகலாம். சமுதாயத்திற்கு அது போதும், நற்செய்திக்குப் போதாது.

6. ஆயர்பணிக்கு

இவ்வேறுபாட்டை உணர்ந்தால், இரண்டில் எது முந்தியது என்னும் வினா எழும். மனந்திரும்பியபின் சேர்த்துக்கொள்வோம் என்பதே நம் சபைகளின் எழுதாச் சட்டம். இந்நூல் வேறு வரிசையைக் காட்டுகின்றது: உறவும் வேலையும் முதலில் வந்தன, மாற்றம் அவற்றின் நிழலில் வளர்ந்தது. இது திருமறைக்கு முரணானதா? சகேயுவின் வரலாற்றை (லூக்கா 19) வரிசை மாறாமல் படிப்போம். இயேசு முதலில் அவன் வீட்டில் தங்க முன்வருகிறார். ஊரார் முறுமுறுக்கின்றனர். அதன்பின்னரே சகேயு பாதியை ஏழைகளுக்கும், வஞ்சித்ததை நாலத்தனையாய் உரியவருக்கும் கொடுப்பதாக வாக்களிக்கிறான். விருந்தினராய்ப் போவதற்கு அவர் அவ்வாக்கை நிபந்தனையாக்கவில்லை. அதே வேளையில், வீட்டிற்கு வந்த உறவு அவ்வாக்கில்லாமல் முடிந்துவிடவுமில்லை. நூல் காணும் உண்மையும், நூல் காணாத உண்மையும் அங்கு ஒன்றாய் நிற்கின்றன.

ஆதலால் சேர்ப்பதற்கு நிபந்தனையின்மையும், சேர்த்தபின் அநீதியைச் சரிசெய்யும் பொறுமையான நடத்துதலும் திருச்சபையின் இரு கடமைகளாம். சேர்த்தல் என்பது கடைசி வரிசையில் இடங்கொடுப்பதோடு முடிவதில்லை. பவுல் ஒநேசிமுவுக்காகப் பரிந்துரை மட்டும் எழுதவில்லை. அவன் பட்ட கடனைத் தாமே செலுத்துவதாகத் தம் கையெழுத்தாலே பிணைநின்றார் (பிலேமோன் 18, 19). இதற்கு நம் நாட்டுச் சட்டத்திலேயே இடமுண்டு. 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி, உரிய வழக்குகளில், தண்டனைக்கு மாறாகப் பிணைமுறி எழுதிப் பெற்றுக்கொண்டு ஒருவனை நீதிமன்றம் விடுவிக்கலாம். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலும் வைக்கலாம். அவனுக்கோ அவன் பிணையாளிக்கோ நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருத்தல் வேண்டும். இவை இல்லாமையாலேயே ஏழை இளைஞன் இவ்வாய்ப்பை இழக்கிறான். ஒரு சபை மக்களுள் பிணைநிற்க ஒருவரும், பட்டறையிலோ கடையிலோ வேலை கொடுக்க ஒருவரும், மாலைப்பொழுதில் உடனிருக்க ஒருவரும் கிடைப்பாராயின், இந்நூல் விளக்கும் திருப்புமுனைக்கு வேண்டியவை பெரும்பாலும் கிடைத்துவிட்டன எனலாம். அவன் மீண்டும் இடறக்கூடும் என்பதையும் முன்னரே எதிர்பார்த்து அவர்கள் இதனை ஏற்கவேண்டும். அவனால் தீங்குற்ற குடும்பம் அதே ஊரில், சில வேளை அதே சபையில் இருக்குமாயின், அவர்களை முதலில் சென்று காணுவது ஆயரின் பொறுப்பு. அவர்கள் மன்னிக்க வேண்டுமென்று வற்புறுத்த நமக்கு உரிமையில்லை.

ஆயர்பணி இயலை மீட்பியலினின்று பிரித்துப் பயிற்றுவிக்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் உள்ளது. மீட்பியல் தேர்வில் நீதிமானாக்கப்படுதலையும் பரிசுத்தமாகுதலையும் வேறுபடுத்தி எழுதும் மாணவர், சிறையிலிருந்து வந்தவன்முன் அவ்வேறுபாட்டை மறந்து, பரிசுத்தத்தை நுழைவுச்சீட்டாய்க் கேட்டுவிடுகின்றனர். ஏழு பத்தாண்டுகள் நீண்ட 500 வாழ்வுகளைக் காட்டும் இந்நூலை, அவ்விரு பாடங்களும் சந்திக்கும் இடத்தில் வைத்துப் பயில்வது நம் மாணவருக்கும் அவரிடம் வரப்போகும் மனிதருக்கும் நன்மை பயக்கும்.